கடைக்காரர் ஹூப்பர்

நாடகம், சினிமா, டெலிவிஷன் ஆகிய மூன்றிலும் நடிகர்களின் தொழில் ஒன்றேயானாலும், ஜனங்களுக்கும் அவர்களுக்கும் ஏற்படுகிற உறவு ஒரே விதமானதன்று. நாடக நடிகரை நாம் தேடிச் சென்று பார்க்கிறோம். சினிமா நடிகரையும் அப்படியே, டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் இருட்டில் உட்கார்ந்து, மலை போன்ற முகமாகத் தரிசித்துவிட்டு வருகிறோம். டெலிவிஷன் நடிகரோ நம்மைத் தேடிக்கொண்டு வருகிறார். குறித்த வேளைக்கு நம் வீட்டுக் கூடத்துக்கே வந்துவிடுகிறார். நாம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் சரி, கீரை ஆய்ந்துகொண்டிருந்தாலும் சரி, அவர் கோபித்துக்கொள்வதில்லை. இப்படி இரண்டொரு வருஷம் வந்து போய்க்கொண்டிருந்தால், அவர் நடிகர் என்பதே மறந்துபோய், அடுத்த வீட்டுக்காரரைப் போல் ஆகிவிடுகிறார்.

அத்தகைய ஒருவர், கதை நடந்துகொண்டிருக்கும்போதே காலமாகிவிட்டால் என்ன செய்வது? இந்தக் கஷ்டம் தமிழ்நாட்டு வீடுகளுக்குப் புதிதன்று. 2023-ஆம் வருஷம் செப்டம்பர் 8-ஆம் தேதி ஸ்ரீ மாரிமுத்து மாரடைப்பால் காலமானபோது, ‘எதிர்நீச்சல்’ தொடரில் அவர் ஏற்றிருந்த ஆதி குணசேகரன் என்னும் கடுமையான மனிதரை நாள்தோறும் திட்டிக்கொண்டிருந்தவர்களே கண்ணீர் விட்டார்கள். பிறகு அதே வேஷத்தில் ஸ்ரீ வேல ராமமூர்த்தி வந்தார்; கதை மேலே சென்றது. பார்ப்பவர்கள் பெரியவர்கள். வேஷம் வேறு, ஆள் வேறு என்பது அவர்களுக்குத் தெரியும்.

பார்ப்பவர்கள் மூன்று வயதும் நான்கு வயதுமான குழந்தைகளாக இருந்தால்? வேஷம் வேறு, ஆள் வேறு என்ற பேதமே அவர்கள் மனத்தில் இல்லையென்றால்? 1982-ஆம் வருஷக் கடைசியில் அமெரிக்காவில் இந்தக் கேள்வி எழுந்தது. அதற்கு அங்கே சிலர் கண்ட விடையைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

‘ஸெஸமி ஸ்ட்ரீட்’ என்னும் குழந்தைகள் நிகழ்ச்சி 1969-ஆம் வருஷம் நவம்பர் 10-ஆம் தேதி ஆரம்பமாயிற்று. பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிராயம் வராத குழந்தைகளுக்கு, முக்கியமாக ஏழைக் குடும்பத்துக் குழந்தைகளுக்கு, எழுத்தும் எண்ணும் கற்பிக்க வேண்டும் என்பது அதைத் தொடங்கியவர்களின் நோக்கம். குழந்தைகள் நிகழ்ச்சி என்றால் மாளிகையும் பூந்தோட்டமும்தான் என்றிருந்த காலத்தில், இவர்கள் ஒரு நகரத்துத் தெருவையே அமைத்தார்கள். பழைய வீடுகள், வாசற்படிகள், குப்பைத் தொட்டி, தெருக்கோடியில் ஒரு கடை. அங்கே கறுப்பர், வெள்ளையர், ஸ்பானிஷ் பேசுவோர் எல்லாரும் குடியிருந்தார்கள். அவர்களோடு ஜிம் ஹென்ஸனின் பொம்மைகளும் குடியிருந்தன. அந்தப் பொம்மைகளுள் தலையாயது பிக் பேர்டு என்னும் மஞ்சள் பறவை. உயரம் எட்டு அடிக்கு மேல். புத்தி மட்டும் ஆறு வயதுக் குழந்தையின் புத்தி. அதன் உள்ளே நின்று கையை உயர்த்தித் தலையை ஆட்டி, குரலும் கொடுத்தவர் காரல் ஸ்பின்னி என்னும் கலைஞர்.

தெருக்கோடிக் கடையின் முதலாளிதான் மிஸ்டர் ஹூப்பர். கழுத்தில் சிறு வில் போன்ற டை, இடுப்பில் ஏப்ரன், மூக்கின் நுனியில் பாதிக் கண்ணாடி. கொஞ்சம் சிடுசிடுப்பு; உள்ளே வெல்லப்பாகு. பிக் பேர்டுக்கென்று தானியம் போட்ட மில்க் ஷேக் தயாரித்துக் கொடுப்பார். அந்தப் பறவைக்கோ அவர் பெயர் ஒருநாளும் வாயில் சரியாக நுழைந்ததில்லை. ‘லூப்பர்’ என்னும், ‘கூப்பர்’ என்னும். அவர் ஒவ்வொரு தடவையும் ‘ஹூப்பர்! ஹூப்பர்!’ என்று திருத்துவார். பல வருஷங்கள் நடந்த வேடிக்கை இது. குழந்தைகளுக்கு ஒரு வேடிக்கை பிடித்துப்போனால் நூறு தடவை நடந்தாலும் அலுக்காது என்பதைப் பள்ளிக்கூடத்தில் சிறுவர்களோடு பழகியவர்கள் எல்லாரும் அறிவார்கள்.

இந்த ஹூப்பரைப் பற்றி எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்களுக்குத் தனிப்பட்ட பிரியம் உண்டாவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சிறு வயதில் படிப்பை முடிக்காத அவர், வயதான பிறகு இரவுப் பள்ளிக்குப் போய்ப் பரீட்சை எழுதித் தேறினார் என்று கதையில் வரும். அவருடைய முதற்பெயர் ஹெரால்டு என்பதே அந்தப் பத்திரத்தைப் பார்த்துத்தான் தெருவாருக்குத் தெரிய வந்தது. ஏட்டுப் படிப்புச் சொல்லிக் கொடுக்கும் நிகழ்ச்சியில், ஒரு கிழவரும் மாணாக்கராக இருக்கலாம் என்று காட்டியது எவ்வளவு நல்ல யோசனை! 1978-ஆம் வருஷத்துக் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில் இன்னொரு காட்சி உண்டு. எர்னி, பெர்ட் என்னும் இரண்டு பொம்மைத் தோழர்கள், ஒருவருக்கொருவர் பரிசு வாங்குவதற்காக ஹூப்பரின் கடையில் தங்கள் அருமைப் பொருள்களையே கொடுத்துவிடுவார்கள்: ஒருவன் தன் ரப்பர் வாத்தை, மற்றவன் தான் சேர்த்து வைத்த காகித கிளிப்புகளை. ஹூப்பர் ஒன்றும் பேசாமல் வாங்கி வைத்துக்கொள்வார். இரவு அவர்கள் வீட்டுக்கே போய், வாத்தையும் கிளிப்புகளையும் அவரவருக்கே பரிசாகக் கொடுத்துவிட்டு வருவார். கடைக்காரரோ யூதர், அது அவர் பண்டிகையே அன்று.

இனி, ஹூப்பராக நடித்தவரைப் பார்ப்போம். வில் லீ 1908-ஆம் வருஷம் ஆகஸ்டு 6-ஆம் தேதி நியூயார்க் நகரத்து ப்ரூக்லின் பகுதியில் பிறந்தவர். அமெரிக்க நாடக மேடையின் போக்கையே மாற்றியது என்று பெயர் பெற்ற ‘குரூப் தியேட்டர்’ சங்கத்தில் 1930-களில் நடித்துத் தேர்ந்தவர். நடிப்புக் கலை போதிக்கும் ஆசிரியராகவும் பல வருஷங்கள் இருந்தார். யுத்தத்துக்குப் பிறகு அமெரிக்காவில் கம்யூனிஸ்டு பீதி ஏற்பட்டு, நடிகர்களையும் எழுத்தாளர்களையும் பார்லிமெண்டுக் கமிட்டி ஒன்று கூப்பிட்டு விசாரணை செய்தது. தாம் என்ன கொள்கை உடையவர் என்பதோடு நில்லாமல், தம்முடைய நண்பர்கள் யார் யார் என்றும் காட்டிக் கொடுக்க வேண்டும் என்பது அந்த விசாரணையின் லக்ஷணம். ஒத்துழைக்க மறுத்தவர்களுக்கு வேலை கிடையாது. வில் லீ ஒத்துழைக்க மறுத்தார். அதன் பலனாகச் சுமார் ஐந்து வருஷ காலம் சினிமாவும் டெலிவிஷனும் அவருக்குக் கதவைச் சாத்திவிட்டன.

தேசத்துக்கு ஆகாதவர் என்று ஒரு காலத்தில் ஒதுக்கி வைக்கப்பட்ட மனிதரைப் பிறகு அதே தேசத்தின் குழந்தைகள் தாத்தாவாகச் சுவீகாரம் செய்துகொண்டார்கள். கமிட்டிகளின் தீர்ப்புக்கும் குழந்தைகளின் தீர்ப்புக்கும் உள்ள தூரம் இது. ஸெஸமி ஸ்ட்ரீட் ஆரம்பமானபோது அவருக்கு வயது 61. அதற்கு முன் அவர் மேடையில் ஏற்ற வேஷங்களை இன்று நினைவில் வைத்திருப்போர் சொற்பம். பதின்மூன்று வருஷங்கள் கடையில் நின்றாரே, அந்த வேஷம்தான் அவரை நிலைநிறுத்தியது.

1982-ஆம் வருஷம் டிசம்பர் 7-ஆம் தேதி, மாரடைப்பால் வில் லீ இறந்தார். வயது 74.

நிகழ்ச்சியை நடத்தியவர்களுக்கு வழிகள் பல இருந்தன. வேறு ஒரு கிழவருக்கு அதே கண்ணாடியையும் ஏப்ரனையும் மாட்டிக் கடையில் நிறுத்தியிருக்கலாம். ‘ஹூப்பர் ஓய்வு பெற்றுக்கொண்டு ஃப்ளோரிடாவுக்குப் போய்விட்டார்’ என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். ஒன்றுமே சொல்லாமல் இருந்திருந்தாலும் கேட்பார் யார்? குழந்தைகள் கடிதம் எழுதி ஆட்சேபிக்கப் போவதில்லையே! நம் வீடுகளில் பெரியவர்கள் சாதாரணமாகக் கைக்கொள்ளும் வழியும் இதுதான். ‘தாத்தா ஊருக்குப் போயிருக்கிறார்’ என்று சொல்லிவிடுகிறோம். குழந்தை வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. சில நாட்களில் கேட்பதை நிறுத்திவிடுகிறது. ‘மறந்துவிட்டது’ என்று நாம் திருப்தியடைகிறோம். உண்மையில் குழந்தை மறக்கவில்லை. இவர்களைக் கேட்டுப் பயனில்லை என்று தெரிந்துகொண்டது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு யாராவது மெய்யாகவே ஊருக்குப் புறப்பட்டால் அது ஏன் காலைக் கட்டிக்கொண்டு அழுகிறது என்று நமக்குப் புரிவதில்லை.

ஸெஸமி ஸ்ட்ரீட்டார் உண்மையைச் சொல்வது என்று தீர்மானித்தார்கள். தீர்மானம் செய்வது எளிது. எந்த வார்த்தைகளில் சொல்வது என்பதுதான் பெரும்பாடு. குழந்தைகளின் மன நூல் அறிந்தவர்களையும், குழந்தை வளர்ப்பில் அனுபவமுள்ளவர்களையும் கலந்து ஆலோசித்தார்கள். கடைசியில் மூன்றே விஷயங்கள் நின்றன: ஹூப்பர் இறந்துவிட்டார், அவர் திரும்பி வரமாட்டார், அவர் இல்லாத குறை எல்லாருக்கும் இருக்கும். இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டார்கள்.

எதை விலக்கினார்கள் என்பது இதைவிடக் கவனிக்கத்தக்கது. ‘போய்விட்டார்’ என்ற சொல் கூடாது. போனவர் வரலாம் அல்லவா? ‘நோய் வந்து ஆஸ்பத்திரிக்குப் போனார், இறந்தார்’ என்று காரணம் சொல்வதும் கூடாது. நாளைக்குக் குழந்தைக்கே ஜுரம் வரும். தாயார் ஆஸ்பத்திரிக்குப் போக நேரும். அப்போது அந்தப் பிஞ்சு மனம் என்ன பாடுபடும்! சுவர்க்கம், தெய்வம் என்ற பேச்சும் வேண்டாம் என்று வைத்தார்கள். இதைப் பற்றி ஆஸ்திகரான வாசகர்களுக்கு மனஸ்தாபம் ஏற்படலாம். ஆனால் எல்லா மதத்துக் குழந்தைகளும் பார்க்கும் நிகழ்ச்சியில், அதைச் சொல்ல வேண்டிய உரிமை அந்தந்த வீட்டுப் பெற்றோர்களுடையது என்று அவர்கள் நினைத்ததில் நமக்குக் குற்றம் ஒன்றும் தோன்றவில்லை.

தலைமை எழுத்தாளர் நார்மன் ஸ்டைல்ஸ் காட்சியை எழுதினார். ஒளிபரப்ப 1983-ஆம் வருஷம் நவம்பர் 24-ஆம் தேதியைத் தேர்ந்தெடுத்தார்கள். அன்று அமெரிக்காவில் நன்றி கூறும் திருநாள், விடுமுறை. தாயும் தந்தையும் வீட்டில் இருப்பார்கள். குழந்தை திரும்பிப் பார்த்து ஒரு கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கும். வில் லீ இறந்து ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவசரப்பட்டு எதையாவது சொல்லிவிடாமல் காத்திருந்ததற்கு அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

காட்சி ஆரம்பத்தில் விளையாட்டாகவே இருக்கிறது. பிக் பேர்டு, தலையைக் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு பின்புறமாக நடந்து வருகிறது. கார்டன் என்பவர் ஏன் இப்படி நடக்கிறாய் என்று கேட்கிறார். ‘ஒரு காரணமும் இல்லை, சும்மாத்தான்’ என்கிறது பறவை. நாமும் சிரித்துவிட்டு இதை மறந்துவிடுகிறோம்.

பிறகு, தெருவிலுள்ள பெரியவர்கள் எல்லாரும் ஓரிடத்தில் கூடியிருக்கும்போது பிக் பேர்டு அங்கே வருகிறது. அவர்கள் ஒவ்வொருவரையும் அது படம் எழுதி வைத்திருக்கிறது. இந்தப் படங்களை மெய்யாகவே எழுதியவரும் ஸ்பின்னிதான். ஒவ்வொன்றாகக் கொடுக்கிறது. எல்லாரும் தங்கள் படத்தைப் பார்த்துச் சிரித்து மகிழ்கிறார்கள். கடைசியில் ஒரு படம் மிஞ்சுகிறது. ‘இதை ஹூப்பரிடம் கொடுக்க வேண்டும், அவர் எங்கே?’ என்கிறது. சிரிப்பு நின்றுவிடுகிறது. மாரியா என்னும் பெண்மணி எழுந்து வந்து, ‘நினைவில்லையா? ஹூப்பர் இறந்துவிட்டார் என்று சொன்னோமே’ என்கிறாள். ‘ஆமாம், நினைவிருக்கிறது. சரி, அவர் திரும்பி வந்ததும் கொடுக்கிறேன்’ என்கிறது பறவை.

குழந்தைகளை அறிந்தவர் எழுதிய வார்த்தை இது. குழந்தைக்குச் சாவு என்று சொன்னால் காதில் விழும், நினைவிலும் இருக்கும். ‘இனி ஒருபோதும் இல்லை’ என்பது மட்டும் உள்ளே இறங்க நாளாகும்.

இறந்தவர்கள் திரும்பி வருவதில்லை என்று ஸூஸன் சொல்கிறாள். ‘ஒருபோதுமா?’ என்று கேட்கிறது. ஒருபோதும் இல்லை. அப்புறம் பிக் பேர்டு கேட்கும் கேள்விகள் முழுதும் சுயநலமானவை, அதனாலேயே சத்தியமானவை. எனக்கு யார் மில்க் ஷேக் செய்து கொடுப்பார்கள்? எனக்கு யார் கதை சொல்வார்கள்? கடை இனி டேவிட்டுடையது, அவன் செய்து கொடுப்பான்; நாங்கள் எல்லாரும் உன்னைப் பார்த்துக்கொள்வோம் என்று பெரியவர்கள் தைரியம் சொல்கிறார்கள். ஆனால் முன் போல இருக்காதே என்கிறது பறவை. அதற்கு பாப் என்பவர் சமாதானம் சொல்ல முயலவில்லை. ஆமாம், அவர் இல்லாமல் முன் போல இருக்கவே இருக்காது என்று ஒப்புக்கொள்கிறார். அவரோடு பழகவும் அவரிடம் அன்பு செலுத்தவும் நமக்குக் கிடைத்ததே என்று மட்டும் சொல்கிறார். சொல்லும்போது அவர் குரல் தடுமாறுகிறது.

பறவைக்குக் கோபம் வருகிறது. ஏன் இப்படி நடக்க வேண்டும், ஒரு காரணம் சொல்லுங்கள் என்கிறது. அப்போது கார்டன், காலையில் பறவை தமக்குச் சொன்ன அதே பதிலைத் திருப்பிச் சொல்கிறார். காரணம் இல்லை, அது அப்படித்தான்.

விளையாட்டுக்காக முதலில் நட்டு வைத்த வார்த்தை இங்கே வந்து எப்படிக் கனக்கிறது, பாருங்கள்! ஒரு பெரிய மனிதர் ஒரு குழந்தையிடம் ‘எனக்கும் தெரியாது’ என்று ஒப்புக்கொள்வது லேசான காரியம் அன்று. ஆசிரியர்களாகிய எங்களுக்கு அது எவ்வளவு கடினம் என்று தெரியும்.

பிக் பேர்டு கையிலுள்ள படத்தைப் பார்த்து, உங்களை நினைத்துக்கொண்டே இருப்பேன் என்று அவரிடம் சொல்லும்போது, வழக்கம்போல் ‘லூப்பர்’ என்று சொல்லிவிடுகிறது. திருத்துவதற்கு அவர் இல்லை. மாரியா கண்ணீரோடு ‘ஹூப்பர்’ என்று திருத்துகிறாள்.

அந்தக் கண்ணீர் நடிப்பன்று. மாரியாவாக நடித்த ஸோனியா மன்ஸானோ, பாப்பாகத் தம் சொந்தப் பெயரிலேயே தோன்றிய பாப் மக்ராத், மற்றும் அங்கிருந்த பலரும் வில் லீயோடு பல வருஷங்கள் பழகியவர்கள். அவர்களும் தங்கள் துக்கத்தைத்தான் அங்கே ஆற்றிக்கொண்டார்கள். முதல் தடவை படம் பிடித்ததையே நிகழ்ச்சியில் சேர்த்தார்கள். ஸ்பின்னி பறவையின் உள்ளே இருந்து அழுதார். அவர் முகம் மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

ஒளிபரப்புவதற்கு முன்னால் சிறு குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டிச் சோதித்துப் பார்த்தார்கள். நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகளில் பெரும்பாலோர், ஹூப்பர் இனி வரமாட்டார் என்பதைப் புரிந்துகொண்டார்கள். மூன்று வயதுக் குழந்தைகளில் புரிந்துகொண்டவர்கள் குறைவு. நிகழ்ச்சி வெளிவந்த பிறகு பல வீடுகளில், அதுவரை பேசப்படாதிருந்த பேச்சு பேசப்பட்டது. இத்தனைக்கும் அது இறப்போடு முடியவில்லை. கடைசியில் தெருவுக்கு ஒரு கைக்குழந்தை வருகிறது. ஒருநாள் இல்லாமல் இருந்து, மறுநாள் இருக்கிறதே என்று பறவை அதிசயிக்கிறது.

ஹூப்பரின் படம் பிக் பேர்டின் கூட்டருகே மாட்டப்பட்டது. டேவிட்டாக நடித்த நார்தர்ன் காலவேயும் 1990-இல் இறந்துவிட்டார். பாப் மக்ராத் 2022-இல் காலமானார். ஸ்பின்னி, 2018 வரையில் பறவையோடு இருந்துவிட்டு, 2019-ஆம் வருஷம் டிசம்பர் 8-ஆம் தேதி மறைந்தார். அன்று நான்கு வயதாக இருந்து அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் இப்போது நாற்பது வயதைத் தாண்டிவிட்டார்கள். 1998 முதல் ஆலன் என்பவர் கடையை நடத்தி வருகிறார். கடைக்குப் பெயர் இன்னமும் ஹூப்பர் கடைதான்.